தட்டுகளை வெட்டிய படம்

நிவேதா,

சென்ற வியாழக்கிழமை நீ கைபேசியில் அனுப்பிய படத்துக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. ‘அப்பா, எங்க ஆபீஸோட வரலாறு பக்கத்துல நீ இருக்க பாரு, இத்தன வருஷமா ஏன் சொல்லவே இல்ல’ என்று கேட்டிருந்தாய். நீ வரும் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறி, அந்த அமைப்பில் வேலைக்குச் சேரப் போகிறாய். போர் நடக்கும் நாடுகளின் மக்களையும், அவர்களுக்காகக் குரல் எழுப்பும் வெளிநாட்டாரையும் இணைப்பது உன் பணி என்று நியமன ஆணையில் எழுதியிருக்கிறது. படத்தின் கீழே, தென்னிந்தியாவின் கோயில் நகரம் ஒன்றில் நூற்றுக்கணக்கானோர் கடலுக்கு அப்பால் நடந்த போரை எதிர்த்து மௌனமாக நின்ற மாலை என்று எழுதியிருக்கிறது. அந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்தேன் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகலாமா என்று கேட்டாள்.

இதைத் தனிக் கடிதமாக உன் பெட்டியில் வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் படம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. அதைப் பற்றிய உண்மையும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் எல்லாரும் படிக்க எழுதுகிறேன். இதில் யோகம் அக்கா என்று ஒருவர் வருவார். அது அவருடைய பெயர் அல்ல. எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன்; எழுதலாம் என்று சொல்லி, இந்தப் பெயரையும் அவரே கொடுத்தார். அவர் இருக்கும் அகதி முகாமின் பெயரை எழுதவில்லை. இந்த அளவு எச்சரிக்கை பதினேழு ஆண்டுகளுக்கு முன் எனக்கு இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

உனக்கு அப்போது ஒன்பது வயது. இலங்கையில் போர் அதன் கடைசி மாதங்களில் இருந்தது. நான் கல்லூரியில் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தேன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய ஒரு மாடி வீட்டில் இங்கா வாடகைக்கு இருந்தார். குளிர் நாடு ஒன்றில் பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்று, மலையைப் பார்க்க வந்து, மலையைவிட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டவர். புத்தகத்தில் தமிழ் கற்றவர் என்பதால் அச்சில் வருவது போலவே பேசுவார். “நீங்கள் நாளை ஐந்து நிமிடம் முன்னதாக வருவீர்கள்” என்பார். அது வேண்டுகோளா, கட்டளையா, சோதிடமா என்று யாருக்கும் தெரியாது. நீ அவரை மாதிரியே பேசிக் காட்டி உன் அம்மாவைச் சிரிக்க வைப்பாய். அவர் வழியாகத்தான் நீ இப்போது சேரப் போகும் அமைப்பு எனக்கு அறிமுகமானது. அதற்கு அன்று அலுவலகம் என்று சொல்லத் தக்க ஒன்று இல்லை. ஐரோப்பிய நகரம் ஒன்றில், ஒரு தேவாலயத்தின் பின்னறையில், இரண்டு மேசைகள்.

அந்த வேலை எப்படி நடந்தது என்பதை உனக்குச் சொல்ல ஆசையாக இருக்கிறது, ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை வேறொன்று இல்லை. போர் நடக்கும் இடத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசுவார். நம் மாவட்டத்து அகதி முகாமில் இருக்கும் அவருடைய உறவினர் அதைக் கேட்டு என்னிடம் சொல்வார். நான் தமிழில் எழுதுவேன். எழுதியதை முன்னால் வைத்துக்கொண்டு இங்கா உட்காருவார்: இதை அவர் தம் கண்ணால் பார்த்தாரா, பிறர் சொல்லக் கேட்டாரா? எந்தக் கிழமை? எவ்வளவு தூரத்திலிருந்து? பதில் இல்லாத வரியை அடித்துவிடுவார். மிஞ்சியதை நான் ஆங்கிலத்தில் எழுதி, பெரிய தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் ஷபீர் பாய் வைத்திருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்புவேன். “சார், உங்க யுத்தம் முடியற வரைக்கும் மூணாம் நம்பர் சிஸ்டம் உங்களுக்குத்தான். அதுலதான் வைரஸ் கம்மி” என்பார் பாய். அமைப்பு அதை ஒன்பது நகரங்களுக்கு அனுப்பும். வெள்ளிக்கிழமை, ஐரோப்பாவில் பகல் ஒரு மணி ஆகும்போது, ஒன்பது நகரங்களிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் வீதியோரம் நிற்பார்கள். ஒரு மணி நேரம், பேச்சு கிடையாது, ஆளுக்கு ஓர் அட்டை, அட்டைக்கு ஒரே ஒரு வாக்கியம். கனடாவில் இருந்தவர்களுக்கு அது காலை ஏழு மணி, பனியில் நின்றார்கள். நமக்கு மாலை ஐந்தரை. வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்துக்கு எதிரில் நிற்க அனுமதி கிடைக்காததால், இங்கா வீட்டு மதிலோரம் நின்றோம். வழக்கமாக ஏழு பேர். மழை வந்தால் நாலு.

அட்டைகளுக்கு நீதான் நிறம் தீட்டுவாய். போர்ப் பகுதியில் இருந்த யோகம் அக்காவின் தம்பி ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் யாரோ ஒருவருடைய தொலைபேசிக்காக வரிசையில் நின்று அக்காவைக் கூப்பிடுவார். அவர் பெரிய செய்திகளைச் சொல்லமாட்டார். எந்தக் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, யார் வீட்டுக் கதவைப் பெயர்த்துப் பதுங்குகுழிக்கு மூடியாக்கினார்கள், இவ்வளவுதான். ஒரு வாரம், ‘கோழி இரண்டும் இன்னும் முட்டை இடுகின்றன’ என்றார். அந்த வரியை அனுப்பினோம். இதைவிட வலுவான வாக்கியம் கிடைக்குமா என்று அமைப்பிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வலுவான என்றால் என்ன பொருள் என்று எனக்குப் புரிந்தது, இங்காவுக்கும் புரிந்தது. இதைவிட வலுவான வாக்கியம் எங்களிடம் இல்லை என்று ஒரே வரியில் பதில் எழுதச் சொன்னார். நீ அந்த அட்டையில் இரண்டு கோழிகளை வரைந்தாய். ஒன்றுக்கு மூன்று கால் இருந்தது. திருத்த வேண்டாம், அப்படியே படம் எடுத்து அனுப்பலாம் என்று இங்கா சொல்லிவிட்டார். அடுத்த வாரம் ஒன்பது நகரங்களிலிருந்தும் படங்கள் வந்தபோது எல்லா அட்டையிலும் கோழி இருந்தது, நிவேதா. பனித்தொப்பி போட்ட ஒரு கிழவர் உன் மூன்று கால் கோழியைப் பார்த்து வரைந்து நெஞ்சில் பிடித்திருந்தார். மூணாம் நம்பர் கணினிக்கு முன் நீயும் நானும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்தோம். உலகம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பிய கடைசிச் சில வாரங்கள் அவை. இன்றும் அந்தச் சந்தைக் கடக்கும்போது, செருப்புக் கடையாகிவிட்ட அந்த அறையை நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

இனி அந்த மாலை. அந்த வெள்ளிக்கிழமை பௌர்ணமி. காலையில் வரவேண்டிய தம்பியின் அழைப்பு வரவில்லை; புது வாக்கியம் இல்லாததால் பழைய கோழி அட்டையையே எடுத்துக்கொண்டேன். யோகம் அக்காவுக்கு முகாமில் இருப்புக் கொள்ளவில்லை. அதுவரை ஒருமுறைகூட எங்களோடு வந்து நின்றதில்லை அவர். முகாமைவிட்டு வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டும், மாலைக் கணக்கெடுப்புக்குள் திரும்பவும் வேண்டும். பௌர்ணமி அன்று மட்டும் கிரிவலம் என்று சொன்னால் எளிதாக விடுவார்கள். அப்படிச் சொல்லிவிட்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடித்து வந்தார். “தம்பி, படம் எடுக்கிறவையோ?” என்று முதலில் என்னிடம் கேட்டார். “எடுப்பாங்கக்கா. ஆனா உங்க முகம் எந்தப் படத்துலயும் வராது, நான் பாத்துக்கறேன்” என்றேன். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன். நான் சொன்னது இதுதான்.

ஐந்தரைக்கு நின்றோம். அவர் மதிலின் கோடியில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பி நின்றார். முகத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது, எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் வந்து நின்றது. ஆரணிப் பக்கம் போலிருந்தது பேச்சு.

“இன்னா குடுக்கறாங்க இங்க?”

“தெரில, நில்லு. வெள்ளக்காரம்மா வீட்டு வாசல்ல நிக்கறாங்கன்னா நல்லதாத்தான் இருக்கும்.”

“புளிசாதமா, பொங்கலா?”

“மொதல்ல எடத்தப் புடி, அப்பறம் கேளு. ஏங்க, கைல அட்ட வச்சிருக்கீங்களே, டோக்கன் எங்க வாங்கனீங்க?”

கேள்வி என்னிடம். நான் எப்படிப் பதில் சொல்வேன்? ஒரு மணி நேரம் பேசக் கூடாது. அது நாங்கள் எடுத்துக்கொண்ட விதி; ஒன்பது நகரங்களும் அந்த நொடியில் வாய் திறக்காமல் நிற்கின்றன. நான் தலையை ஆட்டினேன். அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, “குடுப்பாங்களாம்” என்று பின்னால் சொன்னார். பௌர்ணமியில் மலை சுற்றுகிறவர்கள் வரிசையைக் கண்டால் நிற்பார்கள். அன்னதானம் எங்கே போடுகிறார்கள் என்று அறிய அதுதான் வழி. கால் மணி நேரத்தில் வரிசை பாதையின் வளைவைத் தாண்டிவிட்டது. பேசாமல் நிற்கும் எங்களைப் பார்த்து, சாமிக்கு வேண்டுதல் என்று எண்ணி அவர்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இங்கா சத்தமில்லாமல் மொட்டை மாடிக்கு ஏறிப் படம் எடுத்தார். ஆறரைக்கு நான் வாய் திறந்து உண்மையைச் சொன்னபோது ஒரு பெரியவர், “படிச்சவரு மாதிரி இருக்கீங்க, ஒரு மணி நேரம் முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?” என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஓர் அம்மாள் மட்டும், “நின்னது நின்னாச்சு, செத்தவங்களுக்காவது போய்ச் சேரட்டும்” என்று சொல்லி, தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அன்று அங்கே நின்றவர்களில் மிக நேர்மையானவர் அவர்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் பாயின் கடையில் படத்தைப் பெரிதாக்கினேன். பாய் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “ஜாஸ்தி கூட்டம் சார். ஆனா பாதிப் பேரு கைல தட்டு வச்சிருக்காங்களே.” உண்மைதான். வலது பாதி முழுவதும் எவர்சில்வர் தட்டுகள், பாக்குமட்டைத் தட்டுகள். மூன்று மாதமாக ஏழு பேராக நின்றவன் நான். கனடாவிலிருந்து நூறு பேர் நிற்கும் படம் வரும். நம் படத்தை அவர்கள் எப்போதும் கடைசியில் போடுவார்கள். தட்டுகள் இருந்த பகுதியை வெட்டினேன். வெட்டியதும், இடப்பக்கம் சின்னதாக இருந்த யோகம் அக்கா படத்தின் நடுவுக்கு வந்துவிட்டார். அதைக் கவனிக்கவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். கவனித்தேன். பக்கவாட்டு முகம்தானே, முந்தானை வேறு இருக்கிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் கண்ணால் பார்த்தாரா என்று கேட்கும் இங்காவிடம் வெட்டிய படத்தைக் காட்டாமலே அனுப்பினேன். ‘சுமார் எண்பது பேர்’ என்று எழுதினேன். அங்கே அது நூற்றுக்கணக்கானோர் ஆயிற்று.

செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தின் அச்சு நகலோடு ஓர் அதிகாரி முகாமுக்கு வந்தார். கிரிவலம் என்று சொல்லிவிட்டு ஆர்ப்பாட்டத்துக்குப் போனது ஏன் என்று கேட்டார். யோகம் அக்காவின் அனுமதிச் சீட்டு நிறுத்தப்பட்டது. தம்பியின் அழைப்பு வரும் சின்னப் பொத்தான் கைபேசியை வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று வெள்ளிக்கிழமைகள் அது ஏதோ ஒரு மேசையின் இழுப்பறையில் கிடந்தது. அந்த மூன்று வெள்ளிக்கிழமைகளில் அவருடைய தம்பி வரிசையில் நின்று கூப்பிட்டாரா, கூப்பிட்டு எவ்வளவு நேரம் மணி ஒலித்தது, யாருக்கும் தெரியாது. கைபேசி திரும்பி வந்த பிறகு அழைப்பு வரவே இல்லை. தம்பியும் வரவில்லை. இன்று வரை இல்லை.

நடந்ததை அமைப்புக்கு எழுதினேன். படத்தை நீக்கும்படி கேட்டேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. மிக மரியாதையான பதில். என் வருத்தத்தைப் பகிர்ந்துகொள்வதாகவும், இதிலிருந்து அமைப்பு பாடம் கற்றுக்கொள்ளும் என்றும், படம் பலரை இயங்கத் தூண்டியிருப்பதால் நீக்குவது குறித்துக் குழுவில் விவாதிப்பார்கள் என்றும் இருந்தது. அந்த விவாதம் முடிந்ததாகத் தெரியவில்லை. போர் முடிந்தது, வேறொரு நாட்டில் வேறொன்று தொடங்கியது, வெள்ளிக்கிழமைகள் அங்கே இடம் மாறின. எங்களுக்குக் கடைசியாக வந்தது ஒரு படிவம். தன்னார்வப் பணியில் என் அனுபவம் மிகவும் திருப்தி, திருப்தி, ஓரளவு திருப்தி, இவற்றில் எது என்று குறிக்க வேண்டும். அதை அச்செடுத்து வைத்திருக்கிறேன். கத்துகிற கோபம் எனக்கு வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். உன் அம்மா அதைக் குறையாகவே சொல்வாள். எனக்கு வந்த கோபம் அந்தப் படிவத்தை மடிப்புக் கலையாமல் பதினேழு ஆண்டு பாதுகாக்கிற கோபம். இங்கா தம் நாட்டுக்குத் திரும்பும் வரை அவர்களுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். அங்கே போய் இறந்தும் போனார். கடைசி வரை, படத்தை வெட்டியது அங்கே உள்ள யாரோ என்றுதான் நம்பியிருந்தார். நான் திருத்தவில்லை.

போகாதே என்று சொல்ல இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. போ. இன்றைக்கும் எங்கோ ஒருவர் தொலைபேசிக்காக வரிசையில் நிற்கிறார். அவர் சொல்வதைக் கேட்டு எழுத ஆள் வேண்டும். வாக்கியத்தை உள்ளது உள்ளபடி சுமக்கத் தெரிந்தவர்கள் அந்த அமைப்பில் அன்று இருந்தார்கள். பனித்தொப்பிக் கிழவர் மாதிரி இன்றும் இருப்பார்கள். ஆனால் வலுவான வாக்கியம் வேண்டும் என்று உன்னிடம் கேட்கும் நாள் வரும். கூட்டம் குறைவாகத் தெரியும் நாளும் வரும். அப்போது உன் கை எங்கே போகிறது என்று பார். என் கை போன இடம் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும்.

போன ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போனேன். இத்தனை ஆண்டும் மாதம் ஒருமுறை அங்கே போய் மனு, படிவம் எழுதிக் கொடுத்து வருகிறேன். அதைத் தொண்டு என்று நீ கல்லூரியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். தொண்டு இல்லை. என்ன என்று இப்போது உனக்குத் தெரியும். வெட்டாத முழுப் படம் ஒரு குறுந்தகட்டில் அலமாரிக்குள் இருந்தது. அதைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோய் யோகம் அக்காவின் முன் வைத்து, வெட்டியதும் நான், அனுப்பியதும் நான் என்று சொன்னேன்.

“அது எனக்கு அப்பவே தெரியும், தம்பி” என்றார். “வேற ஆர் அனுப்புறது?”

“தெரிஞ்சும் ஏங்க்கா கேக்கல?”

“கேட்டிருந்தா வெக்கத்தில நீங்கள் வாறதை நிப்பாட்டியிருப்பீங்கள். எங்களுக்குப் படிவம் நிரப்ப ஆள் வேணுமே.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார். தட்டுகளைக் கண்டதும் சிரித்தார். பிறகு மதிலோரம் நிற்கும் தம்முடைய உருவத்தின் மேல் விரலை வைத்தார். முந்தானைக்குள் முழங்கை உயர்ந்திருந்தது. பெரிய அச்சில்தான் அது தெரிந்தது. அவர் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கவில்லை. கைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

“அப்பதான் என்ர தம்பி எடுத்தவன். காலமை வரிசையில இடம் கிடைக்கேல்லையாம். நீங்கள் ஒருத்தரும் கதைக்கக் கூடாது எண்டு நிண்டீங்கள், நான் சுவர்ப் பக்கம் திரும்பி மெல்லமாக் கதைச்சனான். எங்க நிக்கிறாய் எண்டு கேட்டான். உங்களுக்காகத்தான் ரோட்டில நிக்கிறம் எண்டன். சனம் கனக்க நிக்குதோ எண்டு கேட்டான். திரும்பிப் பார்த்தன். அது சாப்பாட்டுக்கு நிக்கிற சனம் எண்டு எனக்குத் தெரியாதே? ஓமடா, வளைவு தாண்டி நிக்குது எண்டு சொன்னன். நல்லது எண்டான். அதோட லைன் அறுந்துபோட்டுது.”

அச்சுப் படத்தை இரண்டு கையாலும் எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். அவனோடு கதைத்துக்கொண்டு நிற்கிற படம் தம்மிடம் இது ஒன்றுதான், அதனால் திருப்பித் தரமாட்டேன் என்றார். அமைப்பின் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும் படத்தை நீ அனுப்பியதைச் சொல்லி, நீ அங்கே வேலைக்குப் போவதையும் சொன்னேன்.

“அது நான் என்ர தம்பிக்குச் சொன்ன பொய். அவன் ஒருத்தனுக்கு, அந்த ஒரு நிமிசத்துக்கு. அவை என்னத்துக்கு அதை இன்னும் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு இருக்கினம்? பிள்ளை அங்க போனதும் சொல்லச் சொல்லுங்கோ. என்ர முகத்தை எடுத்துப்போட்டு, தட்டுகளைத் திருப்பிப் போடட்டும்.”

முழுப் படத்தின் இன்னொரு அச்சு உன் பெட்டியில், சுவெட்டருக்கு அடியில், உறையில் இருக்கிறது. அவருடைய முகம் இருந்த இடத்தை நான் வெட்டி எடுத்துவிட்டேன். தட்டுகள் எல்லாம் இருக்கின்றன; படத்தில் என் கையில் உன் மூன்று கால் கோழியும் இருக்கிறது. வேலையில் சேரும் முதல் நாளே அதை அவர்கள் மேசையில் வை.

அப்பா